வார்த்துக் கொடுத்தவன் பொறுப்பு

வன்னிப் பகுதியிலிருந்து ஒரு கமக்காரப் பெண் தன் மூத்த மகனுடன் எமது அலுவலகத்திற்கு வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் நீதிமன்றப் பிரதிகள் அடங்கிய கோவை. வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய அவருடைய கணவரைப் பட்டா வாகனம் ஒன்று மோதியது. அவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். வாகனத்தைச் செலுத்தியவன் நிறைந்த போதையில் இருந்தான். நீதவான் முன்னிலையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டப் பணம் கட்டினான், அனுமதிப்பத்திரத்தை இழந்தான், ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையுடன் வீடு சென்றான். காப்புறுதி காலாவதியாகியிருந்தது. வாகனத்தையோ லீசிங் கொம்பனி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றில் எத்தனை இலட்சத்திற்குத் தீர்ப்புப் பெற்றாலும் அத் தீர்ப்பு அடுப்பெரிக்க உதவுமேயன்றிப் பிள்ளைகள் மூவருக்கும் சோறு போடாது.

இவற்றையெல்லாம் நாம் விளக்கிக் கூறியபோது அப் பெண் அழவில்லை. கோவையிலிருந்து ஒரு தாளை எடுத்து எம் முன்னே வைத்தார். அது ஒரு பற்றுச்சீட்டின் போட்டோப் பிரதி. சாரதியின் சட்டைப் பையிலிருந்து பொலிசார் எடுத்தது. வீதியோரத்து உணவுச்சாலை ஒன்றின் பெயர் மேலே. கீழே அரைப் போத்தல் சாராயம், பின்னர் மற்றொரு அரைப் போத்தல், மூன்று பியர், ஒரு கோழிப் பொரியல். ஆள் ஒருவனே. பணம் கட்டிய நேரம் இரவு 7.10. விபத்து 7.25க்கு. இடைத்தூரம் இரண்டு கிலோமீற்றர் வராது.

“குடிச்சவனைப் பிடிச்சியள், அது சரி ஐயா. நிக்க ஏலாதவனுக்கு வாத்துக் குடுத்தவனை ஒருதரும் கேக்கமாட்டியளோ?”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றப் படி ஏறி இறங்கும் எமக்கு அக் கேள்விக்கு உடனே விடை கூற வாய் வரவில்லை. விடை இல்லாமையன்று காரணம். விபத்து நடந்து இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கடந்துவிட்டன என்பதே காரணம். அதனைப் பின்னர் கூறுவோம்.

எமது சமூகத்தில் மதுவைப் பற்றிப் பேசியோர் அனைவரும் குடிப்பவனை நோக்கியே பேசியிருக்கின்றனர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறளும் உண்பவனைக் குறித்தனவே. விற்பவனுக்கென அங்கு ஒன்றுமில்லை. கோயில் வீதியிற் பிரசங்கம் செய்வோரும், பாடசாலையிற் கருத்தரங்கு வைப்போரும் அவ்வழியே செல்கின்றனர். குடிகாரனைத் திருத்துவது நல்ல காரியம். ஆயினும் அவன் திருந்தும் வரையில் வீதியில் சைக்கிள் ஓட்டுபவனுக்குப் பொறுப்பாளி யார்?

ஆங்கிலேயப் பொதுச் சட்டம் நெடுங்காலம் இக் கேள்விக்கு ஒரு சுலபமான மறுமொழி வைத்திருந்தது. தீங்கு விளைந்தது குடித்ததனால், விற்றதனால் அன்று. நிறைந்த வயதுடைய ஒருவன் தன் விருப்பத்தின்படி குடித்தால், அவன் பின்னர் செய்வதற்கும் விற்றவனுக்கும் இடையே இருந்த சங்கிலி அவ்விடத்திலேயே அறுந்துவிடும் என்பது அதன் தருக்கம். கேட்பதற்கு நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் இத் தருக்கம் முதலாவது கிண்ணத்திற்குப் பொருந்தும். எட்டாவது கிண்ணத்திற்குப் பொருந்துமா? கால் தள்ளாடி, நாக்குக் குழறி, கைப் பணத்தை எண்ணத் தெரியாதிருப்பவனின் “விருப்பம்” என்பது யாது? அவனுடைய அறிவு மயங்கிய அந் நேரத்தில் அம் மேசையருகே தெளிந்த அறிவுடன் நின்றவன் விற்பவன் ஒருவனே.

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் சட்டசபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை உணர்ந்தன. விஸ்கொன்சின் மாநிலம் 1849 இல் தவறணைக்காரரிடம் பிணைமுறி எழுதி வாங்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அவர்களுடைய வியாபாரத்தால் விதவைகளாவோரையும் அநாதைகளாவோரையும் தாங்குவதற்கே அப் பிணை. நியூயோர்க் 1873 இல், போதையேறியவனால் தீங்குற்றவர் மது விற்றவன் மீது வழக்கிடலாம் எனச் சட்டம் செய்தது. அது சொத்துரிமைக்கு விரோதம் என்று வாதிட்டனர். அம் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1878 இல் அவ் வாதத்தைத் தள்ளிச் சட்டம் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. விற்பதற்கு அனுமதி கொடுக்கும் அரசு அவ் விற்பனையின் விளைவுக்கும் விலை வைக்கலாம் என்பதே அதன் சாரம்.

சட்டசபை சட்டம் செய்யாத இடத்தில் நீதிமன்றம் என்ன செய்யும்? நியூ ஜேர்சியின் உயர் நீதிமன்றம் 1959 இல் அதற்கு விடை கொடுத்தது. வயது குறைந்த ஓர் இளைஞனுக்குத் தவறணைகள் பல மது விற்றன. அவன் ஓட்டிய கார் மோதி மற்றொரு குடும்பத்தின் தலைவர் இறந்தார். அவருடைய மனைவி வழக்கிட்டார். மோட்டார் வாகனம் பெருகிய காலத்தில், போதையேறியவன் வெளியே சென்றால் வீதியில் ஆபத்து விளையும் என்பதைத் தவறணைக்காரன் எதிர்பார்க்கவே வேண்டும் என நீதிமன்றம் கூறியது. தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கவனயீனம் பற்றிய பொது விதியே போதுமாயிருந்தது.

எல்லா இடத்திலும் இவ்வழியே சென்றனர் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியா நீதிமன்றம் 1971 இல் விற்றவனைப் பொறுப்பாக்கியது. 1978 இல் அம் மாநிலச் சட்டசபை குறுக்கிட்டு, தீங்குக்குக் காரணம் குடித்ததே, கொடுத்ததன்று என எழுதி வைத்து, வெளிப்படையாகப் போதையேறிய வயது குறைந்தோருக்கு விற்பதை மாத்திரம் விலக்காக விட்டது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டசபை சாத்தியது. சட்டசபைகளின் நடைகூடங்களில் சாராய வியாபாரிகளுக்கு நண்பர்கள் குறைவு என்று எந்த நாட்டைப் பற்றியும் நாம் கேள்விப்பட்டதில்லை.

இனிக் கனடாவுக்கு வருவோம். எம்மவர் இலட்சக்கணக்கில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே இது பற்றிய தலையாய வழக்குத் தோன்றியது. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் ஜோர்டன் ஹவுஸ் என்றொரு ஹோட்டல். அதற்கு வழமையாக வரும் ஒருவர் குடித்தால் நிலை மறப்பவர் என்பது ஹோட்டல்காரருக்கு நன்கு தெரியும். பொறுப்பான துணையின்றி வந்தால் அவருக்கு மது கொடுக்கவேண்டாம் என்று ஊழியருக்குக் கட்டளையும் இருந்தது. 1968 ஜனவரியில் ஒருநாள் மாலை அவர் வந்தார். கட்டளையை மறந்து மணிக்கணக்காகப் பியர் கொடுத்தனர். இரவு பத்து மணியளவில் மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறார் என்று வெளியே அனுப்பினர். மழை இரவு, நெடுஞ்சாலையில் விளக்கில்லை, அவருடைய உடுப்போ கறுப்பு. யாரோ ஒருவர் வாகனத்தில் சிறிது தூரம் ஏற்றிச் சென்று இறக்கிவிட, தள்ளாடி நடந்தவரைப் பின்வந்த கார் மோதியது.

விசாரணை நீதிபதி குற்றத்தை மூன்று சம பங்காக வகுத்தார். குடித்தவருக்கு ஒரு பங்கு. கார்ச் சாரதிக்கு ஒரு பங்கு. ஹோட்டலுக்கு ஒரு பங்கு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1973 இல் அப் பங்கீடு உறுதியாயிற்று. பின்னாளில் பிரதம நீதியரசராகிய போறா லாஸ்கின் தீர்ப்பை எழுதினார். அவர் கூறியதன் பொருள் இது: குடிப்பவன் ஒவ்வொருவனுக்கும் தவறணைக்காரன் காவலாளியாக வேண்டும் என்று நாம் கூறவில்லை; ஆனால் இவருடைய நிலையை அறிந்தும், சட்டம் தடுத்தும், மேலும் மேலும் கொடுத்துப் பணம் வாங்கிய பின், இருட்டில் நெடுஞ்சாலைக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவ முடியாது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாகனம், ஓர் அறை. இவற்றுள் ஏதேனும் ஒன்று போதுமாயிருந்தது.

மூன்றில் ஒரு பங்கு என்பதை வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். குடித்தவனை விடுவித்து விற்றவனைத் தூக்கில் ஏற்றிய தீர்ப்பு அன்று இது. குடித்தவர் தம் பங்கை இழந்தார். இதனாலேயே நாம் இதனைப் பெரிதும் மதிக்கிறோம். “எல்லாப் பழியையும் கடைக்காரன் தலையிற் கட்டப் பார்க்கிறீர்கள்” என்று எம்மோடு வாதிடும் நண்பர்கள் பலர் இப் பங்கீட்டைக் கேட்டதும் அமைதியாகிவிடுகின்றனர்.

அதே நீதிமன்றம் 1995 இல் ஒரு படி மேலே சென்றது. எட்மன்டன் நகரின் உணவுடன் கூடிய நாடக மண்டபம் ஒன்றில் அருந்திய ஒருவர் ஓட்டிய வாகனத்தில் அவருடைய சகோதரி படுகாயமுற்ற வழக்கு அது. விற்பவனின் கடமை அவனிடம் குடித்தவனுக்கு மாத்திரம் உரியதன்று. வீதியிற் செல்லும் மூன்றாம் மனிதனுக்கும் உரியது என அங்கு தீர்க்கப்பட்டது. அவ் வழக்கில் மண்டபக்காரர் தப்பிக்கொண்டனர். அம் மேசையில் குடிக்காத பெண்கள் இருவர் உடனிருந்ததால், அவர்களுள் ஒருவர் வாகனத்தை ஓட்டுவார் என நம்பியது பிழையன்று என்று நீதிமன்றம் கருதியது. 2006 இல் மற்றொரு வழக்கில், தன் வீட்டில் விருந்து வைப்பவனுக்கு இக் கடமை இல்லை என்றும் எல்லை வகுத்தது. வியாபாரி ஊழியரை வைத்துக் கண்காணிக்க வல்லவன், அரசின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவன், அதிகம் விற்றால் அதிகம் இலாபம் பெறுபவன், வீட்டுக்காரன் அவ்வாறில்லை. இவ் வேறுபாடு எமக்கும் ஏற்புடையது. எமது கலியாண வீடுகளில் கீழே ஐயர் மந்திரம் ஓத, மேல்மாடி அறையொன்றின் கதவு அடிக்கடி திறந்து மூடுவதை நாம் அறிவோம். அதனைச் சட்டத்தால் திருத்தப் புகுந்தால் எமக்கு எந்த வீட்டிலிருந்தும் அழைப்பு வராது.

ஒன்ராறியோவில் மதுவுடன் உணவுச்சாலை நடத்தும் எம்மவரைக் கேட்டுப் பாருங்கள். அங்கு பரிமாறும் ஊழியர் ‘ஸ்மார்ட் சேர்வ்’ என்னும் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். போதையின் அறிகுறிகளை அறியவும், மறுக்கவும், வாடகைக் கார் அழைக்கவும் பழக்குகின்றனர். அங்கே இவ்வளவு கவனமாயிருப்பவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்து, இங்கு தம் பங்காளியுடன் ஹோட்டல் திறந்ததும் இவை யாவற்றையும் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிடுகின்றார். ஆள் ஒருவரே, வழக்குக்கான அச்சம் ஒன்றே வேறு.

எதிர்த்தரப்பையும் மறைக்காது கூறுவது எமது தொழில் தர்மம். நோர்வேயிலிருந்த பிரித்தானியக் கடற்படை முகாம் ஒன்றில் 1988 இல் மிதமிஞ்சிக் குடித்து இறந்த வீரர் ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995 இல், வளர்ந்த மனிதனைக் குடிக்காது தடுக்கும் கடமை எவருக்கும் இல்லை என்றது. எனினும் அவர் விழுந்த பின்னர் கவனிக்கப் பொறுப்பேற்றவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காக மூன்றில் ஒரு பங்கு நட்ட ஈட்டை வழங்கியது. அவுஸ்திரேலிய உச்ச மன்று 2004 இலும் 2009 இலும் இதனினும் கண்டிப்பாயிருந்தது. பிந்திய வழக்கு தஸ்மானியாவில் எழுந்தது. ஒருவர் தாம் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைத் தவறணைக்காரரின் பாதுகாப்பில் வைத்துவிட்டுக் குடித்தார். பின்னர் பிடிவாதமாகத் திறப்பைக் கேட்டு வாங்கிச் சென்று வழியில் இறந்தார். தான் ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்பவனுக்கு அதனைக் கொடுக்காது மறிக்க ஹோட்டல்காரனுக்கு என்ன அதிகாரம் என்று நீதிமன்றம் வினவியது. எத்தனை கிண்ணம் எவனுக்குப் போதும் என்பதை அளக்கும் தராசு எது என்றும் கேட்டது.

இவை வலிய வாதங்கள். ஆயினும் இவ் வழக்குகளில் வழக்காளிகளாக நின்றோர் யாவர் என்று பாருங்கள். குடித்தவர், அல்லது குடித்தவருடைய மனைவி. தன் உடலைத் தானே கெடுத்துக்கொண்டவன் பிறனிடம் நட்ட ஈடு கேட்கும்போது, “நீயே தெரிந்தாய், நீயே தாங்கு” என்று கூறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. வயலிலிருந்து சைக்கிளில் வந்த மனிதர் எதனைத் தெரிந்தார்? அவருடைய சுதந்திரத்தை மதித்தா அந்த இரண்டாவது அரைப் போத்தல் விற்கப்பட்டது? தனிமனித சுயாதீனம் என்னும் கொள்கை குடிப்பவனுக்கும் விற்பவனுக்கும் இடையில் பேசத்தக்கது. மூன்றாமவனின் பிரேதத்தின் மேல் நின்று அதனைப் பேசுதல் தகாது.

இனி எமது நாட்டுச் சட்டம். தவறணைக்காரனை இத்தகைய தீங்குக்குப் பொறுப்பாக்கும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. இல்லையாயினும் நாம் வெறுங்கையர் அல்லர். எமது தீங்கியல் சட்டம் உறோமன்-ஒல்லாந்தச் சட்டத்தின் வழிவந்தது. அக்குவிலியச் சட்டத்தின் வழக்குரிமை என்று சட்டக் கல்லூரி முதலாண்டிலேயே படிப்பிக்கும் அவ் வழக்குரிமை, இன்ன தொழிலாளி இன்ன தீங்கு செய்தால் என்று பட்டியல் போடுவதன்று. தவறான செயல், கவனயீனம், அதனால் விளைந்த பொருள் நட்டம். இவை நிரூபிக்கப்பட்டால் வழி திறக்கும். உழைத்துக் காப்பாற்றியவரை இழந்த குடும்பம் அப் பராமரிப்பு நட்டத்தைக் கேட்கும் உரிமை அதில் நெடுங்காலமாகவே உண்டு. நியூ ஜேர்சி நீதிபதிகள் 1959 இல் பொது விதியிலிருந்து கட்டியதை, அதனினும் விரிந்த விதியை உடைய எமது நீதிபதிகள் கட்ட இயலாதா?

ஜோர்டன் ஹவுஸ் பங்கீட்டைப் போல வகுக்கும் கருவியும் எம்மிடம் உண்டு. பங்களிப்புக் கவனயீனமும் கூட்டுத் தவறாளரும் பற்றிய 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசார தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அவ்வாறு விற்றவன், “நான் என்ன கண்டேன்” என்று உரிமை வழக்கில் வாதிட்டால் அது எடுபடுவது அரிது. முன்னர் மரணத்திற்கான வழக்கில் பொருள் நட்டம் மாத்திரமே கிடைக்கும், அன்பையும் துணையையும் இழந்ததற்கு ஒன்றுமில்லை என்னும் நிலை இருந்தது. 2001 இல் மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் உயர் நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அக் குறையை நீக்கி, மரணித்தவரின் நெருங்கிய உறவினர் அவ் விழப்புக்கும் நட்ட ஈடு கோர வழி செய்தது. ஆகவே கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. எடுத்து ஆளும் கைகளே வேண்டும்.

கடினமான இடம் சான்று. “அவன் எமது இடத்திலிருந்து போகும்போது நன்றாகவே நடந்தான்” என்று பரிமாறியவர் சத்தியம் செய்வார். அதனாலேயே அப் பற்றுச்சீட்டு எமக்குப் பொன்னாகத் தோன்றியது. ஒருவன் தனியே இருந்து இத்தனையும் அருந்தினான் என்பதற்கு அவர்களுடைய கணக்கே சாட்சி. கமராப் பதிவும் இருந்திருக்கும். அதனை எவரும் கேட்கவில்லை, இதற்குள் அழிந்தும் போயிருக்கும். விபத்தைப் புலன்விசாரணை செய்யும் பொலிசார் சாரதியின் வாயை முகர்ந்ததுடன் நின்றுவிடாது, அவன் எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு அருந்தினான் என்பதையும் விசாரித்து எழுத வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்றுவரை இத் துறையின் அடித்தளம். அதே 1912 இல்தான் தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. சேனநாயக்க சகோதரர் முதலியோர் அதில் முன்னின்றனர். அன்று வெள்ளையர் அரசு சாராயத்தால் வருமானம் தேடுகிறது என்று முழங்கியவர்களின் வாரிசுகள் அரசைக் கையேற்றும் அவ் வருமானத்தைக் கைவிட்டாரில்லை. போயா தினத்தில் கதவு திறந்தால் மதுவரித் திணைக்களம் ஓடி வருகிறது. மற்றைய நாள்களில் கதவின் ஊடாக வெளியேறுபவன் எந் நிலையில் வெளியேறுகிறான் என்பது அதன் கண்ணிற் படுவதில்லை. 2024 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, கிளிநொச்சி போன்ற சிறிய மாவட்டத்திற்கும் எத்தனை சென்றிருந்தன என்று கண்டு மக்கள் திகைத்தனர். அரசியல் ஆதரவுக்கு விலையாக அவை கொடுபட்டன என்ற குற்றச்சாட்டை அரசியல்வாதிகள் மாறி மாறி மறுத்தனர். யாருக்கு யார் கொடுத்தார் என்ற சண்டையில், கொடுக்கப்பட்டதன் நிபந்தனை என்ன என்பதை எவரும் வினவவில்லை. அதுவே எமக்கு வேண்டியது.

விஸ்கொன்சின்காரர் 1849 இல் கேட்டதையே நாம் கேட்கின்றோம். வாகனத் தரிப்பிடம் வைத்து மது பரிமாறும் ஹோட்டலோ உணவுச்சாலையோ ஆண்டுதோறும் தன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, மூன்றாம் தரப்புக்கு விளையும் தீங்குக்கான காப்புறுதி ஒன்றைக் காட்டட்டும். முச்சக்கர வண்டி ஓட்டும் ஏழைக்குக் கட்டாயமாயிருக்கும் காப்புறுதி, இரவொன்றில் இலட்சங்களைப் பெட்டியில் இடும் ஹோட்டலுக்கு ஏன் கட்டாயமாகக் கூடாது? பற்றுச்சீட்டுப் பிரதியும் கமராப் பதிவும் குறித்த காலம் வரை பேணப்படட்டும். தெளிவாகப் போதையேறியவனுக்கு விற்றால் விபத்தில் வரும் நட்ட ஈட்டில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு என்று சட்டமே வெளிப்படையாகக் கூறட்டும். இவ்வளவு நடந்தால், காப்புறுதிக் கொம்பனியே சென்று ஊழியரைப் பயிற்றச் சொல்லும். மதுவரி அதிகாரி போகத் தேவையிராது.

எமது சொந்தப் பக்கத்திலிருந்தே ஓர் எச்சரிக்கை வரும் என்பதை அறிவோம். வடக்கிலே கள்ளுத் தவறணை என்பது பனையேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களோடு பிணைந்தது. அவர்களுடைய சீவனம் அது. மதுவுக்கு எதிரான இயக்கம் எதுவாயினும் முதலில் முட்டியுடைபடுவது அவர்களுடையதாகவே இருந்திருக்கிறது. கண்ணாடிக் கதவுள்ள ஹோட்டலின் போத்தல் ஒருபோதும் உடைந்ததில்லை. இதற்குப் பின்னாலிருந்த சாதித் திமிரை மறைத்துப் பேச நாம் ஆயத்தமாயில்லை. ஆகையால் நாம் கேட்கும் காப்புறுதி, மாலையில் ஒரு போத்தல் கள்ளருந்தி நடந்து வீடு செல்லும் கூலியாளின் தவறணை மேல் விழலாகாது. நெடுஞ்சாலையையும் வாகனத்தையும் நம்பி நடக்கும் வியாபாரத்தின் மேல் விழட்டும். கசிப்புக்கு ஓடிவிடுவார்கள் என்பாரும் உளர். ஹோட்டல் மேசையில் கோழிப் பொரியலுடன் அமர்பவன், “உனக்குப் போதும்” என்று மறுக்கப்பட்டவுடன் பற்றைக்குள் கசிப்புத் தேடிப் போவான் என்பதை நாம் நம்பவில்லை. அப்படிப் போனாலும் அவ்வளவு தூரம் நடக்க அவனால் இயலாது.

இப்போது அந்த நான்கு மாதத்திற்கு வருவோம். கவனயீனத்தால் வந்த தீங்குக்கு வழக்கிட 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் விதித்திருப்பது இரண்டு ஆண்டு. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும், அதன் பின் நட்ட ஈட்டைப் பார்க்கலாம் என்று அப் பெண்ணுக்கு ஊரிலே யாரோ சொல்லியிருக்கின்றார். அவர் காத்திருந்தார். தவணைமேல் தவணையாகச் சென்ற குற்றவியல் வழக்கு முடிந்தபோது உரிமை வழக்கின் காலமும் முடிந்திருந்தது. ஒன்று மற்றதற்காகக் காத்திராது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு சட்டத்தரணியோ, கிராம அலுவலரோ, ஒரு பாடசாலை ஆசிரியரோ வாய்க்கவில்லை. நாம் சங்கங்கள் வைத்து ஊர் ஊராகக் கூட்டம் நடத்துகின்றோம். கமக்காரர் முன்னிலையில் பெரிய விடயங்களைப் பெரிய குரலில் பேசுகின்றோம். இச் சிறிய விடயத்தை எந்த மேடையிலும் நாம் கூறியதில்லை. அப் பழி எம்முடையது.

ஆதலால் இப் பத்திரிகையை வாசிக்கும் கமக்காரர் சங்கத் தலைவர்களிடமும் இளம் சட்டத்தரணிகளிடமும் ஒன்று கேட்கின்றோம். உங்கள் ஊரில் குடித்தவன் ஓட்டிய வாகனத்தால் ஓர் உயிரோ ஒரு காலோ போயிருந்தால், அக் குடும்பத்திடம் திகதியைக் கேளுங்கள். சாரதி எங்கே குடித்தான் என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதன் பிரதியைப் பொலிஸ் கோவையிலிருந்து எடுத்து வையுங்கள். கமராப் பதிவை அழிக்கவேண்டாம் என்று உரிமையாளருக்கு உடனே பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். இரண்டு ஆண்டு முடிவதற்குள் அத்தகைய கோவை ஒன்று எம்மிடம் வந்தால், சாரதியை முதலாம் எதிராளியாகவும் வார்த்துக் கொடுத்த ஹோட்டலின் உரிமையாளரை இரண்டாம் எதிராளியாகவும் நிறுத்தி வழக்குரை வரைவோம். உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தாலும் கட்டணம் கேளோம்.